ஸ்காட் பில்கிரிமின் சண்டைக் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இன்று நான் பேசப்போகும் காமிக்ஸ் புத்தகத் தொடரைக் காதல் கதை என்று நம்பி எடுத்தால், திடீரென்று ஒருவன் கூரையைப் பிளந்துகொண்டு வந்து உதைக்கிறான். சண்டைக் கதை என்று எடுத்தால், வேலைவெட்டி இல்லாத பையன்கள் பக்கம் பக்கமாக அரட்டை அடிக்கிறார்கள். ‘ஸ்காட் பில்கிரிம்’. எழுதி வரைந்தவர் கனடாக்காரரான பிரையன் லீ ஓ'மாலி. 2004இல் முதல் புத்தகம் வந்தது, 2010இல் ஆறாவது புத்தகத்தோடு கதை முடிந்தது. கறுப்பு வெள்ளையில், ஜப்பானிய காமிக்ஸான மாங்கா போலக் கைக்கடக்கமான அளவில் ஓனி பிரஸ் என்ற பதிப்பகம் வெளியிட்டது.

கதை நடப்பது டொராண்டோவில். ஸ்காட்டுக்கு வயது 23. வேலை கிடையாது. ஒரு சுமாரான இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறான். நண்பன் வாலஸோடு ஓர் அறையில், ஒரே மெத்தையில் தூக்கம். முதல் புத்தகத்தில் அந்த அறையை வரைந்து, ஒவ்வொரு பொருளும் யாருடையது என்று ஓ'மாலி குறித்துக் காட்டுகிறார். கிட்டத்தட்ட எல்லாமே வாலஸுடையது! இவன் எப்படிப்பட்டவன் என்று அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இவன் நைவ்ஸ் சௌ என்ற 17 வயதுப் பள்ளி மாணவியோடு சுற்றிக்கொண்டிருக்கிறான். அந்தச் சமயத்தில் ரமோனா ஃபிளவர்ஸ் வருகிறாள். நியூயார்க்கிலிருந்து வந்தவள், ரோலர் பிளேடில் சறுக்கிக்கொண்டே அமேசான் பார்சல் கொடுப்பவள். ஸ்காட்டின் மண்டைக்குள் ஒரு குறுக்குவழி இருக்கிறதாம், அதன் வழியாகத்தான் போய்வருகிறாள். அது எப்படி என்று கதையில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. அவளோடு பழக வேண்டும் என்றால் அவளுடைய ஏழு பழைய காதலர்களையும் அடித்து வீழ்த்த வேண்டும். தோற்றவர்கள் வீடியோ கேமில் போலவே நாணயங்களாகச் சிதறிப்போவார்கள். முதல் எதிரி மேத்யூ படேல் உதிர்த்த சில்லறை, வீட்டுக்குத் திரும்பப் பஸ் காசுக்குக்கூடக் காணவில்லை.

சிரிக்கலாம், நானும் நிறையச் சிரித்தேன். மூன்றாவது புத்தகத்தில் வரும் எதிரி டாட் இங்கிரம் வீகன். பால், முட்டைகூடச் சாப்பிடாததால் அவனுக்கு மனோசக்தி வந்துவிட்டது. கடைசியில் வீகன் போலீஸ் வந்து, ஜெலாட்டோ ஐஸ்கிரீம் சாப்பிட்ட குற்றத்துக்காக அந்தச் சக்தியைப் பறிக்கிறது. இவனும் ஸ்காட்டும் மோதும் இடம் ஹானஸ்ட் எட்ஸ் என்ற மலிவுவிலைக் கடை. டொராண்டோவில் நிஜமாகவே இருந்த கடை அது. கதையில் அது நொறுங்கிப்போகிறது. நிஜக் கடையை 2016 கடைசியில் மூடிவிட்டார்கள். நைவ்ஸும் ரமோனாவும் மோதிக்கொள்வது நகரத்தின் பெரிய ரெஃபரன்ஸ் நூலகத்தில். ஊரை உள்ளபடியே வரைந்து, அதற்குள் நடக்கவே முடியாததை நடத்துகிறார் மனிதர்.

சரி, இத்தனை சண்டை எதற்கு? வீடியோ கேமில் போல ஏழு லெவல், ஏழு வில்லன், ஜெயித்தால் பெண் பரிசு என்று பலர் இதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இந்தச் சண்டைகளெல்லாம் ஸ்காட் தன் வாழ்க்கையை நினைவு வைத்திருக்கும் விதம் என்பது என் எண்ணம். அதற்கான ஆதாரத்தை ஓ'மாலியே புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

இரண்டாவது புத்தகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஸ்காட்டின் பள்ளிக்காலம். அவன் சிநேகிதி கிம் பைனை வேறொரு பள்ளிக்கூடத்துப் பையன் சைமன் லீ தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ஸ்காட் ஒற்றை ஆளாக உள்ளே புகுந்து, எதிர்ப்பட்டவனையெல்லாம் புரட்டியெடுத்து அவளை மீட்கிறான். பழைய ஆர்கேட் கேம் விளையாடுவது போலவே அந்தப் பக்கங்கள் ஓடுகின்றன. நாமும் கைதட்டுகிறோம். கடைசிப் புத்தகத்தில் கிம் அந்தக் கதையை உடைக்கிறாள். யாரும் யாரையும் கடத்தவில்லை. சைமன் ஒரு சாதாரணப் பையன், ஸ்காட் அவனைப் போட்டு அடித்தான், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து புரட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. நைவ்ஸிடம் உண்மையைச் சொல்லாமலேயே ரமோனா பின்னால் போனானே, அதற்கு ஏன் எந்த லெவலும் இல்லை? அவளுக்கு எத்தனை நாணயம் கொடுத்தான்? தான் காயப்படுத்தியவர்களுடைய கணக்கை ஸ்காட் எங்கேயும் எழுதி வைக்கவே இல்லை. நான்காவது புத்தகத்தில் நெகாஸ்காட் என்று அவனுடைய இருட்டு உருவம் ஒன்று வருகிறது. வீடியோ கேம் பழக்கம், அதையும் ஓர் எதிரியாகவே பார்க்கிறான். ஆறாவது புத்தகத்தில் அதோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் இருப்பது அதே கிம். செய்த தப்பை மறந்துகொண்டே இருந்தால் அதையேதான் திரும்பச் செய்வாய் என்கிறாள். அந்த உருவத்தை அவன் ஜெயிக்கவில்லை. தனக்குள் ஏற்றுக்கொள்கிறான். உடனே எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆறு புத்தகத்திலும் எனக்கு முக்கியம் நாணயம் உதிராத இந்தச் சண்டைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்தாவது புத்தகத்தில் ரமோனாவின் பழைய காதலர்களான கடாயனாகி இரட்டையர்கள் ரோபோக்களை ஏவி விடுகிறார்கள். ஸ்காட் ஒரு பார்ட்டியில் ரோபோவோடு உருண்டு புரள்கிறான். வந்தவர்கள் கையில் கோப்பையோடு தங்கள் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் மூலையில் எங்கேயோ சண்டை நடக்கிறது. இவனுடைய சாகசத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இதைவிட நாசூக்காக ஒரு கதாநாயகனைக் கேலி செய்ய முடியுமா தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்த இரட்டையர்கள் வெறும் பொம்மைகள். மேத்யூ படேல் ஒரு பாட்டு, ஒரு சண்டையோடு காணாமல் போகிறான். ரமோனாவைப் புதிராகவே வெகுதூரம் இழுத்துவிட்டார், அவள் பக்கத்து நியாயம் நமக்குக் கிடைப்பதற்குள் ஐந்து புத்தகம் தீர்ந்துவிடுகிறது. இந்தக் கதையை வைத்து எட்கர் ரைட் 2010இல் இயக்கிய படத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. இரண்டு மணிநேரத்துக்குள் ஏழு எதிரிகளையும் அடக்க வேண்டும் என்றால் அரட்டைக்குத்தானே கத்தரி விழும்? படம் அழகு, வேகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் புத்தகத்தின் உயிர் அந்த அரட்டையில் இருக்கிறது.

ஓ'மாலிக்கும் அந்தக் குறை உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2023இல் நெட்ஃபிளிக்ஸில் இதே பாத்திரங்களோடு வந்த அனிமே (ஜப்பானிய பாணி அனிமேஷன்) தொடரை பென்டேவிட் கிராபின்ஸ்கியோடு சேர்ந்து அவரே எழுதினார். முதல் அத்தியாயத்திலேயே படேலோடு நடக்கும் சண்டையில் ஸ்காட் தோற்று, ஆளே காணாமல் போகிறான். அதற்கப்புறம் ரமோனா துப்பறியக் கிளம்பி, தன் பழைய காதலர்களைத் தேடிப்போய்ப் பேச ஆரம்பிக்கிறாள். புத்தகம் முடித்த கையோடு அதைப் பாருங்கள். படிக்காமல் பார்த்தால் பாதி ருசி போய்விடும்.