பார்க்காத படத்துக்கு ஏது கைதட்டல்?

அன்பர்களே, 2014-இல் ஆஸ்கர் விழாவை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 4.37 கோடிப் பேர். 2020 பிப்ரவரியில், ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்பு, 2.36 கோடி. அடுத்த ஆண்டு 1.04 கோடி. கொரோனாதான் விழாவைக் கவிழ்த்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் காலை கைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டதே! விகிதத்தில் பார்த்தால், ஆறு வருடச் சரிவைக் கொரோனா ஒரே வருடத்தில் நடத்திக் காட்டியது.

எப்படி? முதல் காரணம் மேடையில் இல்லை, தியேட்டரில் இருக்கிறது. விருது விழா பார்ப்பது தேர்தல் முடிவு பார்ப்பது மாதிரி. நமக்கென்று ஒரு கட்சி இருந்தால்தான் விடிய விடிய உட்காருவோம். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டர்கள் 2020 மார்ச்சில் மூடி, ஒரு வருடம் கழித்துத்தான் திறந்தன. பெரிய படங்கள் தள்ளிப்போயின. 2021-இல் சிறந்த படமான 'நோமேட்லேண்ட்' பலருக்கும் ஹுலு ஓடிடியில்தான் கிடைத்தது. பார்க்காத படம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன?

அடுத்தது சத்தம். பெயரைப் படித்ததும் எழும் ஆரவாரம்தான் இந்த விழாக்களின் உயிர். தொலைக்காட்சித் தொடர்களுக்கான 2020 எம்மி விருது விழாவுக்காகக் கலைஞர்களின் வீடுகளுக்குக் கேமரா, விளக்கு, மைக் எல்லாம் அனுப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட நேரலை இணைப்புகளை ஆளில்லாத அரங்கிலிருந்து கோத்தார்கள். அசாத்திய உழைப்பு அது. ஆனால் இப்படிப்பட்ட இணைப்பில் குரல் சற்றே பிந்தும். நகைச்சுவைக்குச் சிரிப்பு நேரத்துக்கு வராது. 2021 பிப்ரவரி 28, சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்குமான கோல்டன் குளோப் விருது விழா, முதல் விருது நடிகர் டேனியல் கலூயாவுக்கு. திரையில் அவர் பேசுகிறார், குரல் வரவில்லை. மேடையில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டு முடிக்கப் பார்க்கும்போதுதான் ஒலி திரும்புகிறது. அந்த விழாவுக்கு 69 லட்சம் பேர். முந்தைய ஆண்டு 1.83 கோடி.

அதனால்தான் ஆஸ்கர் தயாரிப்பாளர்கள் ஜூம் வேண்டாம் என்று சொல்லி, லாஸ் ஏஞ்சல்ஸின் யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்கே விழாவைக் கொண்டுபோனார்கள். சரியான முடிவு. ஆனால் பாடல்களை முன்நிகழ்ச்சிக்குத் தள்ளினார்கள்; படக்காட்சிகளையும் வெகுவாகக் குறைத்தார்கள். யாரும் படம் பார்க்காத வருடத்தில் படத்தைக் காட்டாமல் விட்டது பெரும் பிழை என்றே சொல்வேன். வழக்கத்தை மாற்றிச் சிறந்த நடிகர் விருதைக் கடைசியில் வைத்தார்கள். வென்ற ஆன்டனி ஹாப்கின்ஸ் அங்கே இல்லை. ஏற்புரை இல்லாமலே விழா சட்டென்று முடிந்தது.

பிறகு 2022-இல் 1.66 கோடி, 2023-இல் 1.87 கோடி. 'பார்பி'யும் 'ஓப்பன்ஹைமர்'ரும் தியேட்டர்களை நிரப்பிவிட்டுப் போட்டிக்கு வந்த 2024-இல் 1.95 கோடி. அப்போதும் 2020-இன் எண்ணிக்கையைத் தொடவில்லை.