மெழுகுத்தாளில் பிறந்த சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அறிவியல் புனைகதையை விரும்பிப் படித்த வாசகர்கள், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமக்குள் வழங்கிவந்த குழூஉக்குறிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இளைஞர்களின் வேடிக்கைப் பேச்சு என்று இவற்றை ஒதுக்கிவிடுவோர் உண்டு. இவற்றில் பல, தட்டச்சுப்பொறியையும் அஞ்சலையும் மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு கூட்டத்தின் தேவையிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவர்களின் முகவரியோடு வெளியிட்டது. அந்த முகவரிகளைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினார்கள். இவ்வகைக் கதைக்கு கெர்ன்ஸ்பேக் சூட்டியிருந்த 'சயின்டிஃபிக்ஷன்' என்ற நீண்ட பெயரை 'எஸ்.டி.எஃப்.' என்று சுருக்கி, அதை 'ஸ்டெஃப்' என்று உச்சரித்தவர்களும் அவர்களே. 1930-இல் சிகாகோவிலிருந்து 'தி காமெட்' வெளிவந்தது. ரசிகர்கள் தாமே நடத்திய இதழ்களில் அதுவே முதலாவது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இத்தகைய இதழ்களுக்கு 'ஃபேன்சீன்' என்ற பெயரை 1940-இல் லூயி ரஸ்ஸல் ஷோவெனே உருவாக்கினார். அதற்கு எதிர்நிலையில், கடைகளில் விற்கும் வணிக இதழ் 'ப்ரோசீன்' ஆயிற்று.

பெரும்பாலான ஃபேன்சீன்கள், நாம் சைக்ளோஸ்டைல் என்று அறிந்திருக்கும் முறையில் அச்சானவை. மெழுகு பூசிய தாளில் தட்டச்சு செய்யும்போது பிழை நேர்ந்தால், ஒரு திரவத்தைத் தடவி, அது உலர்ந்தபின் அதன்மேல் மீண்டும் அடிக்க வேண்டும். அந்தத் திருத்தத் திரவத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'கார்ஃப்ளூ' என்றார்கள். 1984 முதல் ஃபேன்சீன்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டுக்கும் அதுவே பெயர். திருத்தப்படாமலேயே வாழ்வு பெற்ற பிழை ஒன்றும் உண்டு. 1950-களில் லீ ஜேக்கப்ஸ் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பில், நாட்டுப்புற இசையைக் குறிக்கும் 'ஃபோக்' என்ற சொல் 'ஃபில்க்' என்று தவறாகத் தட்டச்சாகியிருந்தது. பிழையை ரசித்தவர்கள் அதையே தங்கள் மாநாடுகளில் பாடப்படும் பாடல்களுக்குப் பெயராக்கிக்கொண்டார்கள்.

இவ்விதழ்களைப் பணம் கொடுத்து வாங்குவது அரிது. தம்முடைய இதழை மாற்றாக அனுப்பலாம், கட்டுரையோ ஓவியமோ தரலாம், அல்லது படித்த இதழைப் பற்றி ஒரு விமர்சனக் கடிதம் எழுதலாம். 'எல்.ஓ.சி.' எனப்பட்ட அந்தக் கடிதமே மிக எளிய நாணயம். இம்மூன்றையும் சேர்த்து 'வழக்கமானது' என்ற பொருள்படும் ஒரே சொல்லால் குறித்தார்கள். கடிதத்தை வெளியிட இடமில்லாதபோது, எழுதியவர்களின் பெயர்களை மட்டும் இறுதியில் தொகுக்கும் பகுதி 'வாஃப்' எனப்பட்டது. 'இவர்களும் எழுதினார்கள்' என்பது அதன் பொருள். தம் பெயரை அச்சில் காணும் மகிழ்ச்சிக்கு 'ஈகோபூ' என்று பெயர். ஊதியமே இல்லாத உலகில் அதுவே ஊதியம் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டம் வேறு உண்டா என்பது ஐயமே. எழுதும் கடிதம் எதுவும் அச்சேறிவிடக்கூடும் என்பதால், வெளியில் போகக்கூடாத பகுதிக்கு முன்னால் 'டி.என்.க்யூ.', அதாவது 'மேற்கோள் காட்டாதீர்', என்று எழுதிவைக்கவும் அவர்கள் கற்றிருந்தார்கள்.

புதிதாக வருபவர் 'நியோ', எங்கும் பெயர் தெரிந்தவர் 'பி.என்.எஃப்.', இவ்வட்டத்துக்கு வெளியே உள்ளவர் 'மண்டேன்' என்ற படிநிலையும் இருந்தது. புதியவர் திகைத்துப்போகுமளவுக்குச் சொற்கள் பெருகியதால், ஜாக் ஸ்பியர் 1944-இலேயே 'ஃபேன்சைக்ளோபீடியா' என்ற அகராதியைத் தொகுத்தார். டிக் ஈனி 1959-இல் இரண்டாவதை வெளியிட்டார்.

அறிவியல் புனைகதையைக் குறிக்கும் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்பதன் சுருக்கமான 'சை-ஃபை' என்ற சொல்லை மட்டும் அவர்களில் பலர் ஏற்க மறுத்தார்கள். 1950-களில் 'ஹை-ஃபை' என்ற சொல்லின் ஓசையையொட்டி அதைப் பரப்பிய ஃபாரஸ்ட் ஏக்கர்மன் அவர்களுள் மூத்த ரசிகர்தான். ஆயினும் செய்தித்தாள்களும் திரைப்பட விளம்பரங்களும் அதைப் பற்றிக்கொண்டதால், மலிவான படங்களின் வாடை அதில் ஏறிவிட்டதாகக் கருதி, 'எஸ்.எஃப்.' என்றே சொல்லிவந்தார்கள். கேலிக்காக அதை 'ஸ்கிஃபி' என்று உச்சரிப்போரும் உண்டு.

இவையனைத்திலும் என்னைக் கவர்வது 'காஃபியா'. 'எல்லாவற்றிலிருந்தும் விலகிச் செல்லுதல்' என்னும் தொடரின் முதலெழுத்துகளால் ஆன இச்சொல், தொடக்கத்தில் அன்றாட வாழ்விலிருந்து தப்பித்து ரசிகர் உலகுக்குள் வருவதைக் குறித்தது. காலப்போக்கில் பொருள் நேர் எதிராகத் திரும்பி, அந்த உலகையே விட்டு விலகுவதைக் குறிக்கலாயிற்று. ரசிகர் உலகம் ஒரு வாழ்க்கைமுறை என்று சொல்லும் 'ஃபியாவால்', அது வெறும் பொழுதுபோக்கே என்று அலுத்துக்கொள்ளும் 'ஃபிஜாக்' ஆகிய இரு முழக்கங்களுக்கிடையே நடந்த நெடிய வாதத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். தப்பிக்க வந்த இடமே, மறுமொழி எழுதப்படாத கடிதக் கட்டுகளோடு கடமையாக மாறும்போது, அங்கிருந்தும் தப்பிக்க வேண்டியிருந்தது. வேலை, குடும்பம் போன்றவற்றின் நெருக்கடியால் விருப்பமின்றி விலக நேர்ந்தவரைத் தனியே பிரித்துக்காட்ட 'ஃபாஃபியா' என்ற சொல்லை அமைத்தார்கள்; மனம் மாறித் திரும்பி வருவதற்கு 'டீகாஃபியேட்' என்ற வினையும் ஆயத்தமாக இருந்தது.