ஓட்டை போட்டாலும் மூழ்காத உலோகம்: லேசர் செய்த வேலை

[திரையில்: நீர்த்தொட்டியில் மிதக்கும் அலுமினியத் தகடுகள்]

வணக்கம். பாரம் கட்டி இரண்டு மாதம் நீருக்குள் அமிழ்த்தி வைத்திருந்த ஓர் அலுமினியக் கட்டமைப்பு, பாரத்தை எடுத்தவுடன் மேலே வந்து மிதந்தது. பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தபோதும் அத்தகைய கட்டமைப்பு மூழ்கவில்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோவின் குழு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட இந்த ஆய்வை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலை நம்பி வாழும் நம் குமரி மாவட்டத்தார் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

குவோ பயன்படுத்துவது ஃபெம்டோ விநாடி லேசர். ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்கே ஃபெம்டோ விநாடி. வெப்பம் சுற்றிலும் பரவுவதற்குள் லேசர் துடிப்பு முடிந்துவிடுவதால், உலோகப் பரப்பில் மிக நுண்ணிய மேடுபள்ளங்களைச் செதுக்க முடிகிறது.

அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. நீர் உள்ளே நுழைவதில்லை. ஒட்டாத சமையல் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்லான் பரப்பை ஏறத்தாழ 70 பாகை சாய்த்தால்தான் வழியும் நீர்த்துளி, இங்கே 5 பாகைக்கும் குறைந்த சாய்விலேயே உருண்டோடுகிறது என்று இக்குழு 2015இல் காட்டியது. மேலே எதையும் பூசாததால், உரிந்து போவதற்கும் எதுவுமில்லை.

ஆனால் நீண்ட நாள் நீரில் கிடந்தால் இப்பண்பு குறையக்கூடும். குவோ கண்ட தீர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது: செதுக்கிய பரப்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு தகடுகளைச் சிறு இடைவெளியில் இணைத்தார். நீருக்கடியில் காற்றுக்குமிழைச் சேர்த்து வைத்து வாழும் சிலந்தியே இதற்குத் தூண்டுதல். நம் கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். நீர் புகுந்து நிரம்பக்கூடிய குழிவு அதற்கில்லை, ஆகவே ஓட்டை விழுந்து மூழ்கும் அச்சமும் இல்லை. மரம் தன் எடைக்குறைவால் மிதக்கிறது. இவ்வுலோகமோ, துளை வழியாகவும் நீரை உள்ளே விடாமல், பிடித்து வைத்த காற்றால் மிதக்கிறது.

2015இல் ஓர் அங்குலச் சதுரத்தைச் செதுக்க ஒரு மணி நேரமானது. பின்னர் ஏழு மடங்கு திறன்கொண்ட லேசரால் வேகம் கூடியிருக்கிறது. எனினும் ஒரு படகு முழுவதற்கும் இது இப்போதைக்குப் போதாது. ஆகவே, முதலில் உயிர்காக்கும் மிதவைகளில் இதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. படகு கட்டும் பட்டறைகளில் பணிபுரிவோர், இத்தகைய தகட்டை முதலில் எங்கே பொருத்துவீர்கள் என்று கீழே எழுதுங்கள்.