லிங்கனைக் காட்டுவது காகிதங்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஆபிரகாம் லிங்கனை நமக்கு அதிகம் காட்டுவது அவர் விட்டுப்போன பொருட்களா, காகிதங்களா?’ என்பது தலைப்பு. 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டபோது லிங்கனின் பைகளில் இருந்ததை எல்லாம் எதிரணி அம்மா வரிசையாகச் சொன்னார்கள். இரண்டு மூக்குக்கண்ணாடி, பேனாக்கத்தி, கைக்குட்டை, தோல் பர்ஸ். ஒரு கண்ணாடி நூலால் கட்டி வைத்தது என்றதும் அரங்கமே உச்சுக்கொட்டியது. நானும்தான்.

ஆனால் அந்தப் பர்ஸைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டார்களே! உள்ளே இருந்தது, அமெரிக்காவை விட்டுப் பிரிந்துபோய் லிங்கன் அரசோடு போரிட்ட தென்மாநிலங்கள் அச்சடித்த 5 டாலர் நோட்டு ஒன்றும், பத்திரிகையில் கத்தரித்த 9 துண்டுகளும். எதிரியின் பணம் ஜனாதிபதி பையில் எதற்கு? சில நாள் முன்பு அந்தத் தென்மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்ட் போனபோது ஞாபகத்துக்கு வாங்கியிருப்பார் என்கிறார்கள். ஊகம்தான். செய்தித் துண்டுகளையோ படிக்கலாம். இங்கிலாந்து அரசியல்வாதி ஜான் பிரைட் அவரைப் புகழ்ந்தது அதில் ஒன்று.

தன்னைப் புகழ்ந்த செய்தியை மடித்து வைத்துக்கொண்டு திரிந்தாரா, இவ்வளவு தற்பெருமையா என்று தோன்றும். அதற்கு விடை இன்னொரு காகிதத்தில் இருக்கிறது. 1864 ஆகஸ்ட் 23 அன்று, வரும் தேர்தலில் தன் அரசு மறுபடி ஜெயிக்காது என்றே தெரிகிறது என எழுதி, மடித்து ஒட்டி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் பின்பக்கம் கையெழுத்து வாங்கினார். அதைப் படித்துவிட்டுப் பர்ஸைப் பாருங்கள், ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிய மனுஷன் தெரிவார்.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் ஜெயித்த லிங்கன் தரப்புத் தளபதி மீட், தோற்றோடிய தென்மாநிலத் தளபதி லீயின் படையைத் தப்பவிட்டார். பொன்னான வாய்ப்பு போய்விட்டது, அளவில்லாத வேதனை எனக்கு என்று லிங்கன் அவருக்குக் கடிதம் எழுதினார். அனுப்பவில்லை. ‘அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை’ என்று உறைமேல் குறித்து, எடுத்து வைத்துவிட்டார். கோபத்தையும் அதை அடக்கியதையும் ஒரே உறையில் வைத்திருக்கிறார். இதைக் காட்ட எந்தப் பேனாக்கத்தியால் முடியும்?

அப்புறம் அந்த உயரத் தொப்பி. ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீலாக இருந்தபோது கடிதங்களைத் தொப்பிக்குள் செருகி வைப்பாராம். கூட்டாளி வக்கீல் ஹெர்ண்டன் சொன்னது. நம்ம ஊர் வக்கீல் குமாஸ்தா பார்த்தால் மயங்கி விழுவார். லிங்கனே தொப்பியைப் பீரோவாகத்தான் வைத்திருந்தார், நடுவர் அவர்களே!

மூத்த மகன் ராபர்ட்டும் வக்கீல். அப்பாவின் காகிதங்களை 1919-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்த்தார். தான் இறந்து 21 வருஷம் ஆன பிறகே திறக்கவேண்டும் என்று நிபந்தனை. 1947 ஜூலை 26, நள்ளிரவு தாண்டியதும் திறந்தார்கள். ஆய்வாளர்கள் தூங்காமல் காத்திருந்தார்கள்.

எங்கள் பொருட்களும் 1937-ல் அதே நூலகத்துக்கு வந்து, 1976 வரை யார் கண்ணிலும் படாமல்தானே இருந்தன என்று எதிரணி கேட்கும். இருந்தன, சரி. ஆனால் காகிதத்தைப் பூட்டக் காரணம், உயிரோடிருந்தவர்களின் முன்னோர் பற்றிய அந்தரங்கச் செய்திகள் அதில் இருந்ததுதான். ஒரு மூக்குக்கண்ணாடி யார் வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லிவிடும் என்று பயந்து எவராவது 21 வருஷம் பூட்டுப் போட்டிருக்கிறார்களா? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.