காவலுக்கு வந்தவர் பங்கு வாங்கினால்?

நடுவர் ஐயாவுக்கும், பனியைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் கொழிஞ்சாம்பாறை மக்களுக்கும் வணக்கம்.

எண்ணெய் எடுக்கும் ஊர்களில் கலவரம் மூளக் கம்பெனியின் பேராசைதான் காரணம் என்று எதிரணி அக்கா நைஜீரியாவைக் காட்டிப் பேசினார். சரி, நானும் அங்கேயே வருகிறேன். காரணம் அரசின் புறக்கணிப்பு என்பது எங்கள் கட்சி.

நைஜீரியாவில் எண்ணெய் எடுக்கும் பகுதியான நைஜர் டெல்டாவில் ஒலோய்பிரி என்ற ஊரில் 1956-ல் எண்ணெய் கிடைத்தது. 1969-ல் நாட்டு எண்ணெய் முழுவதும் அரசுக்கே என்று சட்டம் வந்தது. அப்புறம், ஷெல் என்ற வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி நடத்திய கூட்டுத் தொழிலில் 55 சதவீதப் பங்கு யாருடையது? அரசு நிறுவனத்துடையது! தோப்புக்குக் காவல் வைத்த ஆளே தேங்காயில் பங்கு வாங்கிக்கொண்டால், திருட்டை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த டெல்டாவில் வாழும் ஓகோனி இன மக்கள், எண்ணெயால் தங்கள் மண்ணும் நீரும் கெட்டதைச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ விவா அறவழியில் போராடியவர். 1995 நவம்பர் 10-ல் அவரையும் எட்டுப் பேரையும் இராணுவ அரசு தூக்கில் போட்டது. கம்பெனி யோக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தூக்குக் கயிறு இருந்தது அரசாங்கத்தின் கையில். வாயால் கேட்டவருக்கே இந்தக் கதி என்றால், அடுத்த தலைமுறை துப்பாக்கியைத் தூக்காமல் என்ன செய்யும்?

நம்ம பாலக்காட்டுப் பிளாச்சிமடையைப் பாருங்கள். குளிர்பான ஆலை கிணறுகளைக் கெடுத்தது என்று அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மா போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004-ல் உற்பத்தி நின்றது. ஊர்மக்கள் பக்கம் ஒரு பஞ்சாயத்து நின்றதே, அந்த ஆதரவு ஓகோனிக்கு வாய்க்கவில்லை. அதே பிளாச்சிமடையில் 216 கோடி ரூபாய் நஷ்டம் என்று 2010-ல் அரசுக் குழுவே கணக்குப் போட்டது. இழப்பீட்டுக்கான மசோதா 2011-ல் சட்டசபையில் நிறைவேறியும் டெல்லியில் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலை மூடியபிறகும் மக்களைக் காக்க வைத்தது யார், அக்கா?

ஓகோனியில் ஓர் ஊர், நிசிசியோகன் ஓகாலே. அங்கே நிலத்தடி நீர்மேல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்ததை ஐ.நா. ஆய்வாளர்கள் கண்டார்கள். குடிக்கிற கிணற்றில் பென்சீன் நச்சு, உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைப்போல 900 மடங்குக்கு மேல். பக்கத்தில் போன குழாய் அரசு நிறுவனத்தின் குழாய்! அறிக்கை வந்தது 2011-ல். களத்தில் துப்புரவு வேலை தொடங்கியது 2019-ல். இடையில் போன எட்டு வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது என்று நடுவர் ஐயாவே சொல்லட்டும்.