புள்ளி எண்ணிச் சாப்பிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் உடல் எடையைக் குறைக்க ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி ஒன்றைக் கேட்கிறார்கள். வளைகுடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருப்பார். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு புள்ளி. ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி. அதற்குள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். “இது எனக்கு ஒத்துவருமா?” என்கிறார்கள். பணம் கட்டும் முன்பே கேட்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இது நேற்று வந்த முறை இல்லை. ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி 1963-இல் நியூயார்க்கில் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம், 1997-இல் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. முதல் கணக்கில் ஏறத்தாழ 50 கலோரிக்கு ஒரு புள்ளி. கொழுப்பு இருந்தால் கூடும், நார்ச்சத்து இருந்தால் கொஞ்சம் குறையும். பிற்பாடு கணக்கு பலமுறை மாறியது. சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் புள்ளியை ஏற்றின, புரதம் இறக்கியது. பெரும்பாலான காய்கறிகளுக்கும் பழங்களுக்கும் புள்ளியே இல்லை என்றார்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் 772 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஓராண்டில் இந்தத் திட்டத்துக்குப் போனவர்கள் சராசரியாக 5 கிலோ குறைந்தார்கள். டாக்டரிடம் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 2 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தார்கள். 80 கிலோ உள்ளவருக்கு 5 கிலோ என்பது சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் தெரியக்கூடிய குறைவு. ஆனால் அதே ஆய்வில், திட்டத்துக்குப் போனவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஆண்டு முடியும் முன்பே நின்றுவிட்டார்கள். இதையும் மனதில் வைக்க வேண்டும்.

சரி, நம்ம ஊர் அடுக்களைக்கு வருவோம். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை வேகவைத்து, தண்ணீரை வடித்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, மசித்து மயக்குகிறோம். தொட்டுக்கொள்ள, தேங்காய் அரைத்த நெத்திலிக் குழம்பு. இதற்கு எத்தனை புள்ளி? ஆப்பில் தேடினால் வெறும் அவித்த கிழங்கு கிடைக்கும், மயக்கிய கிழங்கு கிடைக்காது. ஒரு தேங்காய் முறியில், அதாவது பாதித் தேங்காயில் மட்டும் ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது. அந்த முறி ஐந்து பேர் சாப்பிடும் சட்டியில் கரைந்து கிடக்கிறது. உங்கள் தட்டுக்கு எவ்வளவு வந்தது என்பது, அரைத்து ஊற்றிய கைக்குத்தான் தெரியும். பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடும் நாட்டில் பின்பக்கத்தைப் பார்த்துப் புள்ளி போடலாம். இங்கே சமைக்கிறவர் கூடச் சேராமல் இந்தக் கணக்கு ஓடாது. தனியாக வாழ்ந்து தானே சமைக்கிறவருக்கும், வங்கி வேலை, ஐடி வேலை என்று கடையிலேயே சாப்பிடுகிறவருக்கும் இது ஓரளவு ஒத்துப்போகும். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் பரிமாறும் தட்டில் சாப்பிடும் மருமகளுக்கு, புள்ளி வீட்டுச் சண்டையில்தான் முடியும்.

பழம் பற்றியும் சொல்லியாக வேண்டும். புள்ளி இல்லை என்று சொன்னதும், சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர் தினமும் இரண்டு பெரிய ஏத்தன் (நேந்திரம்) பழம் அவித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நல்ல பழம்தான், நம்ம மண்ணின் பழம்தான். ஆனால் அதில் மாவுச்சத்து நிறைய. புள்ளிப் பட்டியலுக்கு அது பூஜ்யமாக இருக்கலாம், ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு பூஜ்யம் ஆகாது.

சிலர் டாக்டரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது வேண்டாம். சாப்பிட்ட பிறகு குற்ற உணர்ச்சியில் தவிப்பவர்களுக்கு, பட்டினி கிடந்து பிறகு அள்ளிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு எண்ணிக்கை அந்தத் தவிப்பைக் கூட்டும். எனக்கு மிகவும் கவலை தருவது இவர்களைப் பற்றித்தான்.

உங்களுக்கு எடை குறைக்க வேண்டியிருக்கிறதா என்பதையும் நம் அளவுகோலில் பாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறை எண் (பிஎம்ஐ). வெளிநாட்டுப் பட்டியலில் அது 25 தாண்டினால்தான் கூடுதல் எடை. நமக்கு 23-லேயே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தின் உயிர் புள்ளியில் மட்டும் இல்லை, வாரா வாரம் கூடும் கூட்டத்திலும் இருக்கிறது. கேரள எல்லையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை. அந்தத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், சர்க்கரை வரும் அபாயம் உள்ள 1,007 பேரை வைத்து ஒரு தடுப்பு ஆய்வு நடந்தது. பாதிப் பகுதிகளில் அந்தந்த ஊர்க்காரர்களே குழுவை நடத்தினார்கள். இரண்டு ஆண்டில் சர்க்கரை நோய் வருவது அங்கே உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடிப்பழக்கம் குறைந்தது. நாலு பேர் சேர்ந்தால் பழக்கம் மாறும் என்பதற்கு, பக்கத்து வீட்டில் கிடைத்த சான்று இது. உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவிலேயே இதைச் செய்யலாம். சந்தா கிடையாது.

இன்னும் முடிவு வரவில்லையா? ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரம், வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். சாயாவில் போட்ட சீனி, கடையில் தின்ற பழம்பொரி, தொவரனில் போட்ட தேங்காய், தாளித்த எண்ணெய் எல்லாமே வர வேண்டும். மூன்றாம் நாளே எழுத அலுப்பு வந்தால் ஆப்பிலும் அலுப்பு வரும், பணம் கட்ட வேண்டாம். எழுத எழுதத் தெளிவு வருகிறது, அடுத்த வேளையை யோசித்து எடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இது பொருந்தும். அப்போதும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி ஆனில் இருந்தால் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.