சுமைதான் என்கிறது எங்கள் அணி

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஐயா, தோட்டத்து வேலை முடிந்து நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பாந்திங் உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"மாபெரும் பயணிகள் விமானம் ஒரு நாட்டின் விமான நிறுவனத்துக்குப் பலமா, சுமையா?" இதுதான் தலைப்பு. பலம் என்று ஐயா அழகாகப் பேசினார். ஏர்பஸ் ஏ380-க்கு இரண்டு மாடி என்றார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த அவசர வெளியேற்றச் சோதனையில் 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள் என்றார். எல்லாம் உண்மை. அதைக் கட்டிய பொறியாளர்களுக்கு நானும் மனதாரக் கை தட்டுகிறேன். ஆனால் அது நன்றாகப் பறக்குமா என்பது நம் வழக்கு இல்லை, நடுவர் அவர்களே. வாங்கியவர் தாங்குவாரா என்பதுதான் வழக்கு.

நம் நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மலேசியா ஏர்லைன்ஸ் ஆறு ஏ380 வாங்க 2003-இல் முடிவெடுத்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வரைபடம் போட்டதால், உள்ளே ஓடும் மின்கம்பிகள் பொருந்தாமல் போய், தயாரிப்பே பின்தங்கியது. நமக்கு முதல் விமானம் 2012 மே மாதம்தான் வந்தது. ஜூலையில் 494 இருக்கைகளோடு லண்டனுக்குப் புறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே போயிங் 787 சேவைக்கு வந்துவிட்டது. இரண்டே இன்ஜினில் கடல் தாண்டும் புதுத் தலைமுறை விமானம் கைக்கு வந்த காலத்தில், நாம் நான்கு இன்ஜின் கொண்ட ஏ380-க்குப் பராமரிப்புச் செலவு செய்யத் தொடங்கினோம்.

அப்புறம் 2014. எம்எச்370, எம்எச்17 என்ற அந்த ஆண்டின் இரண்டு விமானத் துயரங்களை இந்த மண்டபத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தைக் காப்பாற்ற அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 600 கோடி ரிங்கிட் திட்டம் அறிவித்தது, சுமார் 6,000 வேலைகள் போயின. இந்த விமானம்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அது நியாயமில்லை. ஆனால் கஷ்ட காலத்தில் எது கைகொடுக்கும், எது கழுத்தைப் பிடிக்கும் என்று பார்க்க வேண்டாமா? சிறிய விமானமாக இருந்தால் வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஏ380-ஐ யார் வாங்குவார்? 2018-இல் லண்டன் வழித்தடம் 286 இருக்கை கொண்ட ஏ350-க்குப் போனது. ஆறு பெரிய விமானங்களும் ஹஜ், உம்ரா பயணத்துக்கு மாறின. பெருந்தொற்று வந்ததும் நின்றன. 2021-இல் விற்பனைக்கு வைத்தார்கள். கடைசியில், புதிய ஏ330நியோ விமானங்கள் வாங்கும் பேச்சோடு சேர்த்து ஏர்பஸ் நிறுவனத்திடமே திரும்பிப் போயின.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி பாதி நிறைந்து மில்லுக்குப் போனாலும், லோரிக்கான மாதத் தவணையில் ஒரு காசு குறையாது. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு என்ற எண்ணே சிக்கல். அந்த ஆறுக்கென்று தனியாக விமானிகளுக்குப் பயிற்சி தரவேண்டும், தனி உதிரிபாகம் வாங்கி வைக்கவேண்டும். ஒன்று பட்டறைக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு போச்சு. அன்று அதற்குப் பதிலாக ஒரு சின்ன விமானத்தை அனுப்பினால், மிச்சப் பயணிகளை எங்கே உட்கார வைப்பது? தாய் ஏர்வேஸ் ஆறு வாங்கியது, 2020-இல் நிறுத்தியது. சைனா சதர்ன் ஐந்து வாங்கியது, அதுவும் கைவிட்டது. பத்து வைத்திருந்த ஏர் பிரான்ஸே 2020-இல் போதும் என்றது.

"எமிரேட்ஸைப் பாருங்கள்" என்றார் ஐயா. சரி, பார்ப்போம். மொத்தம் கட்டியது 251, அதில் 123 எமிரேட்ஸுடையது. கிழக்கே இருந்தும் மேற்கே இருந்தும் வருபவர்களை துபாய் என்ற ஒரே இடத்தில் மாற்றி ஏற்றும் நிறுவனம் அது. இந்தப் பெரிய விமானம் அங்கே பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 பிப்ரவரியில் அதே எமிரேட்ஸ் தன் ஆர்டரில் 39 விமானங்களைக் குறைத்ததும், தயாரிப்பையே நிறுத்துவதாக ஏர்பஸ் அறிவித்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி ஓடிய விமானத்தை எல்லாருக்கும் பலம் என்று எப்படிச் சொல்வது?

ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுத்திவைத்த ஏ380-ஐத் திரும்பப் பறக்க எடுத்துவிட்டதே என்றும் கேட்டார். ஏன் எடுத்தது? அடுத்து வரவேண்டிய போயிங் 777எக்ஸ் வரவில்லை. 2020-இல் தருவோம் என்றார்கள், இப்போது 2027 என்கிறார்கள். விமானப் பற்றாக்குறையில் பழையதை வெளியே எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்க இடம் கிடைக்காது, அதனால் பெரிய விமானம் வேண்டும் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஏ380 கிளப்பும் காற்றுச் சுழல் அடங்க, அதன் பின்னால் இறங்கும் நடுத்தர விமானம் 7 கடல் மைல் தள்ளி வரவேண்டும் என்று சர்வதேச வழிகாட்டல் வகுத்தார்கள். மற்ற கனரக விமானங்களுக்கு 5 மைல் போதும். மிச்சப்படுத்திய இடத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. தரையிலும் விடவில்லை. 79.8 மீட்டர் இறக்கைக்கு ஏற்ற நிறுத்துமிடம் வேண்டும், மேல்மாடிக்குத் தனி நடைபாலம் வேண்டும். செம்பனைத் தோட்டங்கள் இருந்த சிப்பாங் மண்ணில் எழுந்த கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-வில் பெட்டி தூக்கும், விமானம் துடைக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரே விமானத்தில் நானூற்றுச் சொச்சம் பேரின் பெட்டிகள் ஒன்றாக வந்து விழுந்தால் எவ்வளவு வேலை என்று அவர்கள் சொல்வார்கள்.

நாம் அதிகம் போவது எங்கே? திருச்சிக்கு. ஏர்ஏசியா 180 இருக்கை ஏ320-இல் கூட்டிப்போகிறது. இழவுச் செய்தி வந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறோம். அந்தக் கூட்டத்தையெல்லாம் ஒரே பெரிய விமானத்தில் அடைத்து வாரத்துக்கு இரண்டு தடவை விட்டால் நமக்கு என்ன லாபம்? பயணிக்குத் தேவை வேண்டிய நாளில் ஒரு விமானம்.

எனக்குப் பின் பேச வரும் எதிரணித் தம்பி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். பள்ளி விடுமுறையும் இல்லை, திருவிழாவும் இல்லை, பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. 494 இருக்கையை யாரை வைத்து நிரப்புவீர்கள்? மணி அடித்துவிட்டது, வணக்கம்.